பச்சை லைற்றும் மச்சானின் காரும்

போன கிழமை ஸ்காபரோவில் ஒரு சாமத்திய வீடு. மேளம், நாதஸ்வரம், தலைக்கு மேலே பறக்கிற கமரா என்று ஒரே அமர்க்களம். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. (அதைப் பற்றித் தொடங்கினால் சொந்தத்துக்குள் இன்னும் நாலு பேர் என்னோடு கதைக்காமல் விடுவினம்.) மண்டபத்துக்கு வெளியில், கார் நிற்பாட்டும் இடத்தில் நடந்த ஒரு வாக்குவாதம்தான் ஒரு கிழமையாய் என்னை நித்திரை கொள்ள விடாமல் குடைகிறது.

என்ரை மனிசியின் தமையன், அதாவது மச்சான், மகனுக்கு ஒரு ஹொண்டா சிவிக் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெடியன் அதன் முன் கிறில்லுக்குப் பின்னால் இரண்டு எல்ஈடி பட்டி, உள்ளே டாஷ்போட்டுக்கு மேலே இன்னொன்று, எல்லாம் சிவப்பும் நீலமும். கையில் ஒரு குட்டி ரிமோட். அமத்தினால் பொலிஸ் கார் மாதிரியே பளிச் பளிச் என்று அடிக்குது. நின்ற சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மச்சானுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

"உதை முதல் கழட்டச் சொல்லு" என்றேன்.

"நீயும்தானே காருக்குள்ள லைற் பூட்டி வச்சிருக்கிறாய்? உனக்கொரு சட்டம், எங்களுக்கொரு சட்டமோ?" என்று கேட்டார் மச்சான். அதோடு விட்டாரா? "உன்ரை பச்சை லைற்றுக்கு ஆரும் விலத்தத் தேவையில்லை எண்டு எனக்குத் தெரியும். சட்டத்திலயே இல்லை. பின்னால வந்து நிண்டு மினுக்கினாலும் நான் விலத்த மாட்டன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு விட்டார்கள். புட்டும் இடியப்பமும் கண்ட இடத்தில் எங்கட சனம் வாதத்துக்கு நிற்குமா? அதனால் அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லுகிறேன். மச்சான் இதை வாசிப்பார். வாசிக்கட்டும்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1991இல் அகதியாய் இந்த நாட்டுக்கு வந்தேன். ஸ்காபரோவில் பன்னிரண்டு வருசம் கோப்பை கழுவி, ஃபக்டரியில் பெட்டி அடுக்கி, பிறகு ஒன்ராறியோவின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில் பெற்றோல் ஸ்டேசனும் கடையும் எடுத்து நடத்துகிறேன். அந்த ஊரில் சம்பளத்துக்கு இருக்கிற தீயணைப்புப் படை கிடையாது. நெருப்புப் பிடித்தாலும், கார் அடிபட்டாலும், ஆருக்கும் நெஞ்சு அடைத்தாலும் போவது ஊர்ச்சனம்தான். மெக்கானிக், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், பால்பண்ணைக்காரர், இப்போது கடைக்காரனாகிய நானும். ஸ்காபரோவில் இருந்தால் இது விளங்காது. கனடாவில் தீயணைப்பு வேலை செய்கிற பத்துப் பேரில் ஏழு பேர் இப்படிப்பட்ட தொண்டர்கள்தான். பேஜர் அடித்தால் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு சொந்தக் காரில் நிலையத்துக்கு ஓடி, அங்கே உடுப்பை மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த முதல் ஓட்டத்துக்குத்தான் பச்சை லைற்.

இனி மச்சானின் முதல் கேள்வி. உனக்கொரு சட்டம், எனக்கொரு சட்டமோ? ஓம் மச்சான், அப்படித்தான். ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 62ஆம் பிரிவில் அது இருக்கிறது. தீயணைப்பு வீரர் ஒருவர், நெருப்புக்கோ வேறு அவசரத்துக்கோ போகும்போது மட்டும், தன் வாகனத்தில் விட்டு விட்டு மின்னுகிற பச்சை லைற்றைப் போடலாம். கண்டவர்கள் எல்லாம் போடக் கூடாது. அந்த வீரரே கூட மரக்கறி வாங்கப் போகும்போது போடக் கூடாது. ஆனால் இந்த "தனிச் சட்டம்" எனக்கு என்ன தருகிறது என்று கேளுங்கோ. ஒன்றுமே தராது. வேக எல்லையை மீற முடியாது. சிவப்புச் சிக்னலில் நிற்க வேண்டும். ஸ்டொப் பலகையில் நிற்க வேண்டும். சைரன் கிடையாது. பள்ளிக்கூட பஸ் நின்றால் நானும் நிற்க வேண்டும். முன்னால் போகிறவர் விரும்பினால் விலத்தலாம், விரும்பாவிட்டால் விடலாம். அம்புலன்ஸோ பொலிஸோ பின்னால் வந்தால் வலதுபக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லுகிறது, நிற்காவிட்டால் தண்டம். பச்சைக்கு அது இல்லை. மச்சான் சொன்னது அந்த அளவில் சரிதான்.

பச்சை லைற் ஒரு கட்டளை இல்லை, ஒரு கேள்வி. "கொஞ்சம் வழி விடுவீங்களா?" என்று கேட்கிற கேள்வி. மருமகனின் சிவப்பு நீலம் பொலிஸின் வாயால் பேசுகிற பொய். இரண்டும் காருக்குள் பூட்டுகிற லைற் என்பதற்காக ஒன்றாகி விடுமா?

இந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு தூரத்து உதாரணம் தேவையில்லை. 2020 சித்திரை 18, 19. நோவா ஸ்கோசியாவில் ஒருவன் பழைய பொலிஸ் காரை வாங்கி, லைற், ஸ்ரிக்கர் எல்லாம் பூட்டி அசல் மாதிரி ஆக்கி, அதில் ஏறி ஊர் ஊராய்ப் போய் 22 பேரைக் கொன்றான். அவன் அந்தக் காரில் சனத்துக்கு நடுவே ஓடித் திரிய முடிந்ததற்குக் காரணம், பார்த்தவர்கள் அதைப் பொலிஸ் என்று நினைத்ததுதான். அடுத்த வருசம் அந்த மாகாணம் பொலிஸ் அடையாளப் பொருட்களை ஆர் வைத்திருக்கலாம் என்பதற்கே தனிச் சட்டம் கொண்டு வந்தது. பெடியன் அப்படிப்பட்டவன் என்று நான் சொல்லவில்லை, அவன் நல்ல பிள்ளை. ஆனால் இரவில், தனிய ஓடிக்கொண்டு போகிற ஒரு பெட்டை அவன்ரை லைற்றைக் கண்ணாடியில் பார்த்து விட்டு ரோட்டோரம் நிற்பாட்டினால், அவளுடைய நெஞ்சு என்ன பாடுபடும்? அடுத்த முறை உண்மையான பொலிஸ் வந்தால் அவள் நிற்பாட்டுவாளா?

எங்கட சனத்துக்கு இது விளங்க வேண்டாமா? இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான் வந்து நின்றால் ஊரே கதவைச் சாத்தின தேசத்திலிருந்து வந்த ஆட்கள் நாங்கள். வந்திருப்பது அதிகாரமா, அதிகார வேசமா என்று தெரியாமல் நடுங்கினது எங்களுக்குப் புதுசா? காலி வீதியில் மந்திரிமார் போகும்போது மற்ற வாகனங்களை ஓரம் கட்டி அடித்துத் துரத்தின கதை சொல்லி ஏசாத ஆள் உண்டா? இந்தியாவில் கூட 2017 மே 1ஆம் திகதியோடு பிரதமர் தொடக்கம் எல்லாருடைய காரிலும் இருந்த சிவப்புச் சுழல் விளக்கைக் கழட்டி விட்டார்கள். அவர்கள் கழட்ட, நாங்கள் கனடாவுக்கு வந்து பூட்டுகிறோம். கெட்டித்தனம்!

சரி, இரண்டாவது கதைக்கு வருவோம். "சட்டத்தில் இல்லை, அதனால் விலத்த மாட்டேன்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் வலித்தது. ஏனென்றால் இதே வசனத்தை ஒரு காலத்தில் நானும் சொன்னவன். சொன்னது மட்டுமில்லை, செய்தவன்.

2005ஆம் ஆண்டு மாசி மாதம். கடை எடுத்து இரண்டாவது குளிர்காலம். காலமை ஐந்தரை இருக்கும், கடை திறக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பனிக்குவியல், நடுவில் ஒரு வழி போக ஒரு வழி வர ரோட்டு. பின்னால் ஒரு பழைய பிக்அப், அதற்குள் பச்சையாய் ஏதோ மினுங்குது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஒன்ராறியோவில் சிக்னலில் பச்சை மினுங்கினால் இடப்பக்கம் திரும்பலாம் என்று ட்ரைவிங் புத்தகத்தில் படித்தது மட்டும்தான் தெரியும். ஆரோ இளந்தாரி, நத்தார் லைற்றைக் கழட்டாமல் சேட்டை விடுகிறான் என்று நினைத்தேன். நிறம் வேறு ஆட்கள் எங்களை ரோட்டில் நெருக்குகிறார்கள் என்ற கோபமும் உள்ளுக்குள் இருந்தது, மறைக்கவில்லை. வேணுமென்றே வேகத்தைக் குறைத்தேன். இரண்டு இடத்தில் ஒதுங்க இடம் வந்தது. ஒதுங்கவில்லை. அவர் ஹோர்ன் கூட அடிக்கவில்லை. நாலைந்து கிலோமீற்றர் அப்படியே பின்னால் வந்து, கடைச் சந்தியில் பிரிந்து போனார்.

மத்தியானம் கடைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு மூதாட்டி. ஒவ்வொரு வெள்ளியும் என்னிடம் லொத்தர் ரிக்கற்றும் பாலும் வாங்குகிறவர். என் பேரைச் சரியாய்ச் சொல்லப் பழகின முதல் வெள்ளைக்காரி. அதிகாலையில் நெஞ்சு நின்று விட்டது. இதயம் நின்றால் நாலு, ஐந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும், அமத்தாமல் விடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு பத்து வீதம் அளவில் குறையும் என்று பிறகு பயிற்சியில் படித்தேன். அன்றைக்குப் படிக்கவில்லை. நான் ஒதுங்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

அடுத்த நாள் அந்தப் பிக்அப் கடைக்கு வந்தது. மனிசன் உள்ளே வந்தார், ஒரு கோப்பி ஊற்றினார், காசு தந்தார். என் காரைத் தெரியாமல் இருக்காது, அந்த ஊரில் அப்போது ஒரு தமிழனின் கார்தான். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், கதை அதோடு முடிந்திருக்கும். மிச்சக் காசை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லி விட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து நானே கேட்டேன், அந்தப் பச்சை லைற் என்ன என்று. விளக்கமாய்ச் சொன்னார். இரண்டு வருசம் கழித்து நானும் சேர்ந்தேன். அவர்தான் எனக்குக் குழாய் சுருட்டப் பழக்கினவர்.

மச்சான், அந்தக் காலமை சட்டம் என் பக்கம்தான் இருந்தது. நூறு வீதம்.

இதை எழுதும்போது இன்னொரு இரவு ஞாபகம் வருகிறது. 1990 ஐப்பசி, மழைக்காலம். அக்காவுக்குப் பிள்ளைப்பெறு வலி கண்டு விட்டது. மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். பெற்றோல் இல்லை, ஒழுங்கையில் இருந்தவரின் ஒஸ்ரின் ஏ40, ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் எடுத்து மண்ணெண்ணெயில் ஓடுகிறது. மேலே ஹெலி சுற்றுகிறது, ஹெட்லைற் போட்டால் சுடுவான். நான் சைக்கிளில் முன்னால், கையில் காபன் பேப்பர் சுற்றின டோர்ச். அந்த வெளிச்சம் என் முன்சில்லுக்கே காணாது. எங்களுக்கு என்ன லைற், என்ன சைரன்? ஒரு வீட்டுப் படலையில் நின்ற கிழவி "பிள்ளைப்பெறுவுக்குப் போகுது, வழி விடுங்கோ" என்று கத்தினா. அடுத்த வீட்டுக்காரர் அதை வாங்கிக் கத்தினார். அதற்கடுத்த வீடு... அப்படியே குரல் எங்களுக்கு முன்னால் ஓடிச்சுது. இருட்டுக்குள் ஒரு மாட்டு வண்டில்காரர் வண்டிலை வெள்ளவாய்க்காலுக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவருக்கு எந்தச் சட்டம் சொன்னது? அக்காவின் மகள் இப்போது லண்டனில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

அந்தச் சனம்தான் ஸ்காபரோவுக்கு வந்து, பிளாசாவில் தீயணைப்பு வண்டி போக என்று விட்ட பாதையில், நாலு பக்க லைற்றையும் மினுங்க விட்டுவிட்டுக் கொத்துரொட்டி எடுக்கப் போகிறது. அந்த லைற் பழுதான வாகனத்துக்கு, ஆபத்தைக் காட்டுவதற்கு. "நான் சட்டத்தை மீறுகிறேன், ஆனால் பணிவாய் மீறுகிறேன்" என்று அறிவிக்க இல்லை, கண்டியளோ.

எங்கட தொண்டர்களுக்குள்ளும் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விட ஏலாது. பச்சை காணாது, எங்களுக்கும் சிவப்பும் சைரனும் வேணும், விலத்தாதவனுக்குத் தண்டம் அடிக்க வேணும் என்கிறவர்கள். எல்லையைத் தாண்டி நியூயோர்க் மாநிலத்துக்குப் போனால் தொண்டர் தீயணைப்பு நீலம், தொண்டர் அம்புலன்ஸ்காரர் பச்சை. நிறம் எதுவாயும் இருக்கட்டும். எனக்குச் சிவப்பு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது, சின்னக் காருக்குள் லைற் பூட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது டொயோட்டா யாரிஸ். முதலில் மலிவாய் ஒரு லைற் வாங்கினேன், ரப்பர் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டுகிற வகை, சிகரெற் லைற்றர் ஓட்டையில் செருகுகிறது. முதல் குளிருக்கே, மைனஸ் 25இல் ரப்பர் விறைத்து, வளைவில் கழன்று மடியில் விழுந்தது. அதைவிட மோசம் திரும்பி அடிக்கிற வெளிச்சம். லைற் கண்ணாடிக்கு உள்ளே இருப்பதால் பாதி வெளிச்சம் கண்ணாடியில் பட்டு என் கண்ணுக்கே வரும். பனி கொட்டுகிற இரவில் முன்னால் ரோட்டு இல்லை, ஒரே பச்சைப் புகார். பிறகு ஒழுங்காய்ச் செய்தேன். கண்ணாடியோடு இறுக்கமாய்ப் பொருந்துகிற ரப்பர் மறைப்பு உள்ள லைற்றை உள்கண்ணாடிக்குப் பின்னால் வைத்தேன். மேலே நிறம் பூசின பட்டிக்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த நிறமே வெளிச்சத்தைத் தின்று விடும். வயரைக் கூரைத் துணிக்குள்ளால் ஓட்டி பக்கத் தூணால் இறக்க வேண்டும். அந்தத் தூணுக்குள் எயார்பாக் இருக்கிறது. வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் போனால் அடிபடுகிற நேரம் பை விரிய வயர் தடுக்கும், இல்லாவிட்டால் முகத்தில் அடிக்கும். பட்டரியிலிருந்து நேரே எடுத்தால் பட்டரிக்குக் கிட்டவே ஒரு பியூஸ். எஞ்சின் பக்கத்துத் தகரத்தால் வயர் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் வளையம், இல்லாவிட்டால் தகரம் வயரை அறுத்து, நெருப்பு அணைக்கப் போகிறவன் காரே எரியும். பெடியனின் சிவிக்கில் பியூஸும் இல்லை, வளையமும் இல்லை. நான் குனிந்து பார்த்து விட்டேன்.

இவ்வளவும் செய்த பிறகும் அந்த லைற் நேரே முன்னால் போகிறவருக்கு மட்டும்தான் தெரியும். பக்க ரோட்டால் வருகிறவருக்குத் தெரியாது. சந்தியில் நான் மற்ற எந்தச் சின்னக் காரும் மாதிரித்தான். லைற் போட்ட உடனே ஓடுகிறவனுக்கு ஒரு மயக்கம் வரும், எல்லாரும் என்னைக் காண்கிறார்கள் என்று. காணவில்லை ஐயா! இந்த மயக்கத்தோடு சிவப்பு லைற்றும் சிக்னலை மீறுகிற உரிமையும் தந்தால், பேஜர் அடித்த பதற்றத்தில் நித்திரைத் தூக்கத்தில் எழும்பி ஓடுகிற நாங்கள், நெருப்புக்குப் போகிற வழியில் இன்னொரு வீட்டுக்கு இழவு கொண்டு போவோம். பெரிய வண்டியின் உயரம், கூரை முழுக்க லைற், சைரன், பக்கத்தில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள், இவை எல்லாம் இருந்தும் சந்தியில் அடிபடுகிறது. யாரிஸுக்கு என்ன இருக்கிறது?

அதனால் பச்சை கேள்வியாகவே இருக்கட்டும். ஆனால் கேட்கிறவனுக்கு மறுமொழி சொல்லுங்கோ. கண்ணாடியில் பச்சை மினுங்கினால் பதறி நடு ரோட்டில் பிறேக் அடிக்க வேண்டாம், அது இன்னும் ஆபத்து. எனக்காகச் சிவப்பைத் தாண்டவும் வேண்டாம். வலப்பக்க சிக்னலைப் போட்டு, மெல்லக் குறைத்து, இடம் கிடைக்கிற இடத்தில் ஒதுங்கினால் போதும். பத்து விநாடி வேலை. கொட்டேஜுக்கும் மீன்பிடிக்கவும் என்று கோடையில் எங்கட பக்கம் வானும் சட்டியும் பானையுமாய் வருகிற ஸ்காபரோச் சனம் கனக்க. உங்கட வான் அடிபட்டால் கதவை வெட்டி உங்களை வெளியில் எடுக்க வருவதும் இந்தப் பச்சை லைற்காரர்தான். முன்னால் போகிற காரில் இருப்பது உங்கட மச்சானாய்க் கூட இருக்கலாம்.

அந்தச் சாமத்திய வீட்டில் இருந்து மச்சான் போன் எடுக்கவில்லை. மனிசி இரண்டு தரம் எடுத்தா, அண்ணி "அவர் குளிக்கிறார்" என்றாவாம். ஒரு கிழமையாய்க் குளிக்கிறார் போல.

மருமகனே, நீ தமிழ் வாசிப்பாயோ தெரியாது, கொப்பர் வாசித்துச் சொல்லட்டும். சிவிக்கின் கிறில் கழட்ட மேலே பிளாஸ்ரிக் கிளிப் இருக்கும், இழுத்தால் உடையும். அதற்கென்று ஒரு ஆயுதம் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் கடையில்தான் நிற்பேன். பேஜர் அடித்தால் மட்டும் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும்.